ராத்தாவின் பென்சில்

டெக்சாஸ் மாநிலத்தில் ராத்தாவுக்கு மனசாரப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். யூ-டர்ன். அங்கே ஃப்ரீவே பாலங்களுக்கு அடியில், சிக்னலில்கூட நிற்காமல் வந்த திசைக்கே திரும்பிப் போக, தனியாக ஒரு பாதை போட்டு வைத்திருப்பார்கள். "இந்த ஊர்ல ரோடு போட்டவன் நல்ல மனுசன் தம்பி. தப்பா வந்துட்டவனையும் நெனச்சுப் பாத்திருக்கான்" என்பார்.

ஆனால் ஃப்ரீவேயில் மட்டும் ஏற மாட்டார். ஏறிவிட்டால் அடுத்த எக்ஸிட் வரும்வரை திரும்ப முடியாதாம். ஒருமுறை ரிச்சர்ட்சனிலிருந்து ஃபோர்ட் வொர்த்துக்கு ஒரு புத்தகக் கண்காட்சி பார்க்க என்னையும் என் மனைவியையும் உள்சாலை வழியாகவே கூட்டிக்கொண்டு போனார். வழியிலிருந்த அத்தனை சிக்னலும் எங்களை நலம் விசாரித்து அனுப்பியது. போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒருவர் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். "அதனால என்ன, திரும்பிடலாம்" என்றார் ராத்தா, அதற்காகவே வந்தவர்போல.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. மரியாதையால் அல்ல, பயத்தால். அச்சில் ஏறியதை இறக்க முடியாது என்பது அவர் கட்சி. காயல்பட்டினத்துக்காரர். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். ரிச்சர்ட்சன் தமிழர்கள் எல்லாரும் அவரை ஆன்டி என்று அழைக்க, எனக்கு மட்டும் இந்த உரிமை கிடைத்த கதை சின்னது. முதல் சந்திப்பில் நானும் வாய் நிறைய ஆன்டி என்றேன். அவர் என் தலையை நிதானமாகப் பார்த்தார்.

"முன்பக்கம் இருந்த முடியெல்லாம் எங்க தம்பி?"

"போயிருச்சுங்க."

"அப்ப ராத்தான்னே கூப்பிடுங்க."

அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில், கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்யும் பிரிவில் அவருக்கு வேலை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. இன்று எதை ஒட்டினாலும் நாளைக்கு இன்னொருவர் நோகாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும். பிரிக்க முடியாத பசை பசையே இல்லை. மற்றவர்கள் அந்தச் சட்டத்தை ஐந்து மணிக்கு மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ராத்தா அதைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்தார்.

அவர் வீட்டுச் சமையலில் உப்பு இருக்காது. இருக்கும், ஆனால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு இருக்கும். "போட்டா எடுக்க முடியாதுல்லா" என்று உப்பு ஜாடியை மேசை நடுவே வைத்துவிடுவார். ஈகைப் பெருநாளுக்கு நெய்ச்சோறும் கறியும் போடும்போது இருபது பேருக்கும் அந்த ஒரு ஜாடிதான். அது கை மாறி வந்துசேர்வதற்குள் நான் பாதிச் சோற்றைக் காலி செய்திருப்பேன். அவர் கணவர், பத்து நிமிடத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனிதர், சட்டைப் பையில் தனியாக ஒரு பொட்டலம் வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அதுதான் அவர் பேச்சு.

அவர் தரும் பரிசுப் பொருளில் டேப் இருக்காது. தாளை மடித்து மடித்துச் சொருகி, மேலே ஒரு நூல். நூலின் ஒரு முனையை இழுத்தால் முடிச்சு முழுவதும் அவிழ்ந்து விழும். மற்றவர்கள் தந்த பரிசைப் பிரிக்கும் வேலை அவர் கையில் சிக்கினால்தான் ஆபத்து. டேப்பை நகத்தால் நெருடி, தாளில் ஒரு நார்கூடப் பிரியாமல் திறப்பதற்குள் கேக் மேலிருந்த மெழுகுவர்த்தி கரைந்து க்ரீமில் கலந்துவிடும். என் மகள் தன் பிறந்தநாளில் ஒருமுறை பொறுமை இழந்து, "ஆன்டி, ஜஸ்ட் டேர் இட்! கிழிங்க!" என்று கத்தினாள். ராத்தா நிமிர்ந்து பார்த்த பார்வையில், அன்று பிறந்தநாள் கொண்டாடியவள் அவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பேனாவால் எழுத மாட்டார். மளிகைப் பட்டியல், காலண்டர், எங்கள் வீட்டு போன் நம்பர், எல்லாம் பென்சில். "நம்பரை ஏனுங்க பென்சில்ல எழுதறீங்க, நாங்க எங்கீங்க போயிரப் போறோம்?" என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுதிய" என்றார். ரிச்சர்ட்சனின் டெலிகாம் கம்பெனிகள் வாரம் ஒரு முறை ஆட்களை உதிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் வீட்டு போன் புத்தகத்தில் 'க' பக்கம் அழித்து அழித்துத் தாளே மெலிந்திருந்தது.

எங்கள் ஆபீஸில் லே-ஆஃப் பட்டியல் வந்தபோது, என் பெயர் அதில் இல்லாத தைரியத்தில், என் மேனேஜருக்கு நாலு பத்தியில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாவது பத்தி முழுக்க அவர் கோல்ஃப் விளையாடும் விதத்தைப் பற்றியது. அனுப்பும் முன் ராத்தாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு. டிராஃப்ட்ல போட்டு மூணு நாள் ஊற வைங்க" என்றார். மூன்றாம் நாள் மேனேஜரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகத்தின் தலைசிறந்த கோபக் கடிதம் விலாசதாரர் இல்லாமல் இன்னமும் என்னிடம்தான் கிடக்கிறது.

இதெல்லாம் சிரிப்பு. இனி வருவதிலும் சிரிப்பு உண்டு, ஆனால் அது என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது.

ராத்தாவிடம் ஒரு தாள் இருந்தது. பக்கத்து ஊரில் யாரோ காலமாகி, வீட்டுச் சாமான்களை எல்லாம் வாசலில் பரப்பி விற்றபோது, பழைய சமையல் பத்திரிகைகளுக்கு நடுவே சட்டம் போட்டுக் கிடந்ததாம். பாரசீகக் கவிதைச் சுவடி ஒன்றின் ஒற்றைப் பக்கம். முன்புறம் ஓவியம். பொன்னால் பூசிய வானம், ஊதா நிறப் பாறைகள், நீலக் கோட்டு அணிந்த ஒரு குதிரைக்காரன், மேலே ஜன்னலில் ஒரு பெண். குதிரையின் முன்னங்கால் ஒன்று கட்டத்தைத் தாண்டி வெற்று ஓரத்துக்கே வந்துவிட்டிருக்கும். பாறைக்குப் பின்னால், தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு முயல். நடுவே கறுப்பாக ஓர் ஓடை.

"சாக்கடைங்களா?" என்று கேட்டேன்.

"வெள்ளி தம்பி. வெள்ளியை அரைச்சுப் பூசியிருக்காங்க. காத்துப் பட்டுக் கறுத்துடுச்சு. அவங்க வரைஞ்சப்ப கண்ணு கூசியிருக்கும்."

பின்புறம் முழுக்க எழுத்து, நான்கு பத்திகளாக. குர்ஆன் ஓதப் படித்தவர் என்பதால் ராத்தாவுக்கு எழுத்துத் தெரியும், பாஷை தெரியாது. விரலைத் தாளில் படாமல் காற்றில் நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். சத்தம் அழகாக இருக்கும். அர்த்தம் அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆறு வருடமாக நான் கம்பெனியின் பழைய புரோகிராம்களை வாசித்ததும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

அவர் காட்டிய இரண்டு இடங்களை மறக்க முடியாது. ஒன்று, தாளின் உள்விளிம்பு. ஒரே நேர்கோடு. "கத்தி. புத்தகத்தை அறுத்துப் படத்தைத் தனியா வித்திருக்கான்" என்றபோது அவர் குரல் எதிரே நிற்பவரைத் திட்டுவது போல இருந்தது. இரண்டாவது, பின்புறத்தின் கீழ்மூலையில், கட்டத்துக்கு வெளியே சாய்வாக எழுதியிருந்த ஒரே ஒரு சொல். "அடுத்த தாளோட முதல் சொல் இது. தாள் மாறிடாம இருக்க எழுதி வைப்பாங்க. அந்தத் தாள் உலகத்துல எங்கயோ இருக்குல்லா? கண்டுபிடிச்சா இதையும் அதோட சேத்திடணும்."

சட்டத்துக்குள் யாரோ அதை அட்டையில் பசை போட்டு அப்பியிருந்தார்கள். அதைப் பிரித்தெடுக்க ராத்தாவுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. அவர் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

இப்போது நான் வருகிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், 'எங்கள் வீட்டுப் பழம்பொருள்' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். பொறுப்பாளர் அடியேன். பித்தளைக் கூஜா ஒன்பது, பல்லாங்குழி ஆறு, யாரோ ஒருவரின் தாத்தா வெள்ளைக்காரத் துரையோடு கைகுலுக்குவதாகச் சொல்லப்பட்ட, இரண்டு பேருமே தெளிவாகத் தெரியாத புகைப்படம் ஒன்று. ராத்தாவிடம் கெஞ்சினேன். அந்தத் தாளைக் கொடுத்தார். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, நாடாவால் கட்டி, முந்தின நாளே என் கையில் தந்தார்.

"திறக்க வேண்டாம். நாளைக்கு நான் வந்து திறந்து வைப்பேன்."

நாடாவின் முனையை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று சொன்னேனில்லையா? இழுத்தேன். சும்மா பார்க்கத்தான். பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. நாளைக்கு இருநூறு குழந்தைகள் வரும், சர்க்கரைப் பொங்கல் கையோடு வரும்.

இங்கே என் குலப் பெருமையைச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டில் எங்கள் வீட்டில் விலைமதிப்புள்ள எந்தத் தாளும் வெறும் உடம்போடு இருந்ததில்லை. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஜாதகம், அப்பாவின் பணி ஓய்வுப் பாராட்டுப் பத்திரம், எங்கள் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் லாமினேஷன். என் டிகிரி சான்றிதழையும் அப்பா விடவில்லை. அதன் முத்திரையைத் தடவிப் பார்க்க முடியவில்லை என்று அமெரிக்காவில் ஓர் அலுவலகம் நான் பட்டதாரி என்பதையே ஏற்க மறுத்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சான்றிதழின் பாதுகாப்பைக் கண்டு பொறாமைப்படுகிறார்கள் என்றே நினைத்தேன்.

நகல் எடுக்கும் கடையில் இருந்த நரைத்த தலை அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹனி, இது ஒருவழிப் பாதை. நிச்சயமாகத்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஊரில் முக்கியமான தாளை எல்லாம் இப்படித்தான் காப்பாற்றுவோம் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். தாள் இயந்திரத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பளபளவென்று வந்தது. மூலைகளை வட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். பிளாஸ்டிக்கின் மூலைகளைத்தான். அந்த அளவுக்காவது கடவுள் இருந்தார்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். என் மனைவி அதையும் என்னையும் பார்த்தாள். "அவங்களைக் கேட்டுட்டா பண்ணினீங்க?"

"சர்ப்ரைஸ்."

"ரிமோட்டுக்கே கவர் போட்ட ஆளுதானே நீங்க! ஐயோ, அவங்க சாதா டேப்பே ஒட்ட மாட்டாங்களே..." என்று அவள் முடிப்பதற்குள், நான் பிளாஸ்டிக்கின் விளிம்பை நகத்தால் நெருடத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் விழா நடந்த பள்ளிக்கூட கஃபடேரியாவில், கூஜாக்களுக்கு நடுவே அது மின்னிக்கொண்டிருந்தது. ராத்தா வந்தார். பார்த்தார். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை டிகிரி?"

"என்னதுங்க?"

"மெஷின். எத்தனை டிகிரி சூட்டுல ஓடிச்சு? கேட்டுட்டு வாங்க. பிளாஸ்டிக் என்ன வகைன்னும் கேளுங்க."

ஓடினேன். நரைத்த அம்மாள், "நான்தான் கேட்டேனே, ஹனி" என்றபடி இருநூற்று எழுபது ஃபாரன்ஹீட் என்றார். திரும்பி வந்து சொன்னேன். ராத்தா பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு அந்த நாள் முழுவதும் மேசை அருகிலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் முயலைக் காட்டினார், ஓடை வெள்ளி என்று சொன்னார். ஒரு மாமி, "எவ்வளவு நீட்டா லாமினேட் பண்ணியிருக்கேள்!" என்று வியந்தார்.

"தம்பிதான் செஞ்சாரு" என்றார் ராத்தா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. என் வாழ்நாளில் யாரும் எனக்குத் தராத அடி அது.

பிரித்தெடுக்க நூலகத்தில் அனுமதி வாங்கினார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபின் ஒன்றரை மணி நேரம். நானும் போவேன். யாரும் அழைக்கவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. ஆறடி தள்ளி ஒரு ஸ்டூல். "உக்காருங்க. கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிடுங்க." முப்பத்தெட்டு வயதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல உட்கார்ந்திருப்பேன். ஸ்பிரிட் போல மணக்கும் ஏதோ ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளாஸ்டிக்கை இழை இழையாக உரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமைக்கு இரண்டு விரல் அகலம். சில வெள்ளிக்கிழமைகளில் அதுவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவார். "இன்னிக்கு அதுக்கு இஷ்டமில்ல."

முதலில் எழுத்துப் பக்கம். மை நல்ல மை, ஒரு புள்ளிகூடப் பிளாஸ்டிக்கோடு வரவில்லை. மூலையில் சாய்வாகக் கிடந்த அந்த ஒற்றைச் சொல் வெளியே வந்த அன்று ராத்தா அதைச் சத்தமாக வாசித்தார். எங்கள் இருவருக்கும் அர்த்தம் தெரியாத அந்தச் சொல்லை நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

பிறகு ஓவியம். பொன் வானம் பிழைத்தது. பாறைகள் பிழைத்தன. முயல் வெளியே வந்தபோது நான் கைதட்டப் போய், கை பின்னால் கட்டியிருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். இன்னும் குதிரைக்காரன்தான் பாக்கி. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா அவனிடம் போனார். பிளாஸ்டிக் ஒரு நகம் அளவு எழும்பியது. அதன் அடிப்புறத்தில் நீலம் இருந்தது.

அவர் உறைந்து நின்றார். மறுபடியும் மருந்து. காத்திருப்பு. ஆனால் அந்த நீலத்துக்குத் தாளைவிடப் பிளாஸ்டிக்கைப் பிடித்துப்போய்விட்டது. கோட்டும், அதற்கு மேலே முகமும், பிளாஸ்டிக்கோடு போய்விட்டன.

"இன்னிக்குப் போதும்" என்றார்.

என் கார் பட்டறையில் இருந்ததால் அவர்தான் என்னை வீட்டில் இறக்கிவிட வேண்டும். நேராகப் போய் ஃப்ரீவேயில் ஏறினார். நான் ஸீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வீட்டு எக்ஸிட் போயிற்று. இன்னும் மூன்று போயின. பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோதுதான், தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்தது.

"தம்பி, இது ஃப்ரீவேல்லா?"

"ஆமாங்க ராத்தா."

"முன்னாடியே சொல்லப்படாதா?"

"ராத்தா, என்னை ஒரு தடவை திட்டிருங்க. கெட்ட வார்த்தைன்னாலும் பரவால்லீங்க. இப்படியே இருந்தீங்கன்னா நான் செத்துப்போயிருவேன்."

ராத்தா கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு வலது ஓரத்துக்கு மாறினார்.

"பொங்கல் அன்னைக்கு ராத்திரியே திட்டிட்டேன். நோட்டுல, ஒரு பக்கம் முழுக்க."

"என்னன்னுங்க?"

"அழிச்சிட்டேன்" என்றார். அழித்தது எவ்வளவு கடினம் என்பதுபோல ஒரு பெருமூச்சு. "ரொம்ப நேரமாச்சு."

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பாலத்தின் அடியில் இருந்த அவருக்குப் பிரியமான அந்தப் பாதையில் வளைந்து திரும்பினோம். வீடு வரை உள்சாலைதான்.

ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் புதிய அட்டைக் கட்டு ஒன்று. உள்ளே ஒரு பக்கம் அந்தத் தாள். குதிரைமேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாளின் மங்கல். எதிர்ப்பக்கம், மெல்லிய தாளால் மறைத்து, அந்தப் பிளாஸ்டிக் துண்டு. வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். இடவலம் மாறி, நீலக் கோட்டும் முகமும் காற்றில் நின்றன. அவன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தான்.

"இதை ஏனுங்க வச்சிருக்கீங்க?"

"எனக்குத் திருப்பி வைக்கத் தெரியலங்கிறதால யாருக்கும் தெரியாதுன்னு ஆயிடுமா? நமக்குப் பொறவு ஒருத்தர் வருவாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கூடவே ஒரு காகிதம். அந்தத் தாளுக்கு நேர்ந்ததை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். கத்தியால் அறுக்கப்பட்டது. அட்டையில் ஒட்டப்பட்டது. பிரிக்கப்பட்டது. இருநூற்று எழுபது டிகிரியில் பிளாஸ்டிக் இடப்பட்டது. பிரிக்கப்பட்டது. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் பென்சிலில். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் என்று ஒரு கட்டம். அறுத்தவனின் கட்டத்திலும் ஒட்டியவனின் கட்டத்திலும் 'தெரியாது' என்று இருந்தது. பிரித்த இரண்டுக்கும் நேராக அவர் பெயர். என் கட்டம் காலியாக இருந்தது.

"இதை நான் எழுத மாட்டேன். நீங்க எழுதினாலும் சரி, 'தெரியாது'ன்னு போட்டாலும் சரி."

எனக்கு வீரம் வந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது அழிக்க முடியாதபடி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினேன்.

"பேனாவா! இந்த மேசையிலயா!" என்று ராத்தா போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அத்தனை மாதங்களில் என்மேல் அவர் போட்ட ஒரே சத்தம் அதுதான். பேனாவைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டுத் தன் பென்சிலைக் கொடுத்தார். எழுதினேன். முழுப் பெயர், இனிஷியலோடு.

பிறகு இழுப்பறையைத் திறந்து, புதிதாக ஒரு வெள்ளை ரப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

"எப்ப வேணும்னாலும் வந்து அழிச்சிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நாங்கள் நியூஜெர்சிக்கு, மான்மவுத் ஜங்ஷனுக்குக் குடிபோனோம். அவர் போன் புத்தகத்தில் எங்கள் நம்பரும் அழிந்து, புது நம்பர் ஏறியிருக்கும். அந்தத் தாள் தன் அடுத்த தாளைக் கண்டுபிடித்ததா என்று எனக்குத் தெரியாது. என்றைக்காவது, ஏதோ ஒரு ஊரில், ஒருவர் அந்தக் கட்டைத் திறந்து, இந்தக் குதிரைக்காரனுக்கு ஏன் முகமில்லை என்று தேடுவார். அங்கே என் பெயர் இருக்கும். பாரசீகக் கவிதையில் எனக்கு இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று ஈரோட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ரப்பர் என் மேசைமேல்தான் இருக்கிறது. மகள் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை. நாலு மூலையும் கூராக, வாங்கின அன்று இருந்தபடியே இருக்கின்றன.